ஹால் ஆஃப் ஃபேமில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு பழைய கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று கறுப்பு ஆல்பங்கள் இருக்கின்றன. அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கார்டு என்று நான் சேர்த்துவருவது அவற்றில்தான். வருகிறவர்கள் ஒன்றை எடுத்துப் புரட்டுவார்கள். உடனே கேள்விகள் ஆரம்பிக்கும். மகனின் லிட்டில் லீக் மைதானத்திலும், அலுவலகத்திலும், ஊரிலிருந்து போனில் பேசும் மைத்துனரிடமும் பதினோரு வருடமாக அதே பதில்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதிவைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

ஹால் ஆஃப் ஃபேம்னா என்ன? அதுல எத்தனை பேர் இருக்காங்க?

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். பேஸ்பாலின் பெரியவர்களுக்கான அருங்காட்சியகம் அங்கே 1939 ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. தேர்தல் அதற்கு மூன்று வருடம் முன்பே, 1936-இல், தொடங்கிவிட்டது. டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய ஐந்து பேர்தான் முதலில் தேர்வானவர்கள். ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு வெண்கலப் பலகை உண்டு.

2025-இல் சேர்ந்த ஐவரோடு எண்ணிக்கை 351 ஆனது. இதில் 270-க்கு மேற்பட்டவர்கள் ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் மேனேஜர்கள், அம்பயர்கள், அணி முதலாளிகள், நிர்வாகிகள். இந்த மற்றவர்கள்தான் பின்னால் நம் தூக்கத்தைக் கெடுப்பார்கள்.

பேஸ்பால் கார்டுன்னா சீட்டுக்கட்டு மாதிரியா?

இல்லை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் விளம்பரமோ ஆட்டக் கணக்கோ இருக்கும் அட்டை. எண்பது தொண்ணூறுகளில் பிக் ஃபன் பபுள்கம் வாங்கி, உள்ளே இருக்கும் கிரிக்கெட் படத்துக்காக அடித்துக்கொண்டவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அதேதான், நூறு வருடம் முன்னால்.

1880-களில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். வெறும் அட்டைக்குப் பதிலாகப் படம் போட்டால் இன்னும் நாலு பெட்டி விற்கும் என்று யாருக்கோ தோன்றியது. அப்புறம் மிட்டாய், 1930-களில் பபுள்கம். பபுள்கம்மோடு வந்த டாப்ஸ் கார்டுகள்தான் 1950-களுக்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாமுமாக ஆகிவிட்டன.

எந்த வருஷம் வரைக்கும் "பழசு"ன்னு எடுத்துக்கிறீங்க?

இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. பலர் 1973-இல் கோடு போடுவார்கள். அதுவரை டாப்ஸ் ஒரு வருடத்துக் கார்டுகளைப் பகுதி பகுதியாகச் சில வாரங்களுக்கு ஒருமுறை வெளியிட்டது. 1974 முதல் மொத்தமாக ஒரே தடவையில் வந்துவிட்டது. இன்னும் சிலர் 1980 என்பார்கள். 1981-இல் ஃப்ளீர், டான்ரஸ் என்ற போட்டிக் கம்பெனிகள் களத்தில் இறங்கி டாப்ஸின் தனிக்காட்டு ராஜ்யத்தை முடித்துவைத்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. இரண்டாம் உலகப்போருக்கு முந்தையவை தனி வகை, தனி விலை.

நான் 1980 கோஷ்டி. காரணம் சுயநலம்தான்: நிறையப் பேர் அந்த ஏழு வருடத்தில் மலிவாகக் கிடைக்கிறார்கள்.

அப்போ இச்சிரோவுக்கு என்ன பண்ணுவீங்க? அவர் 2001-ல தானே வந்தார்?

நல்ல கேள்வி. 2025-இல் 394 வாக்குகளில் 393 வாங்கி உள்ளே போன இச்சிரோ சுசுகிக்குப் "பழைய" கார்டு எங்கே போவது? முதல் நாளே உங்களுக்கென்று ஒரு விதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். என் விதி இது: அந்த மனிதர் ஆடிய காலத்தில் அச்சான கார்டு, முடிந்தால் 1980-க்கு முன், முடியாவிட்டால் அவருடைய ஆரம்ப வருடங்களில் ஒன்று.

எனக்குத் தெரிந்த இன்னொருவர், 1980-க்குப் பிறகு வந்த யாரையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர் பட்டியல் சிறியது, நிம்மதி பெரியது. இரண்டுமே சரி. பாதியில் விதியை மாற்றாதீர்கள், அவ்வளவுதான். நான் ஒருமுறை மாற்றி, வாங்கிய நாற்பது கார்டுகளைத் திரும்ப விற்றேன்.

ஒரு செட்டை முழுசாச் சேர்க்கலாமே, ஏன் ஆளுக்கு ஒண்ணு?

சேர்க்கலாம், சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1952 டாப்ஸில் 407 கார்டு. அதில் முக்கால்வாசிப் பேர் யாரென்று அவர்கள் பேரன்களுக்கே நினைவிருக்காது. கௌடி என்ற பபுள்கம் கம்பெனியின் 1933 செட்டில் இன்னொரு கூத்து. 106-ஆம் எண் கார்டை அந்த வருடம் அச்சிடவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடிப் பபுள்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதிப்போட்டவர்களுக்கு மறு வருடம் நேப் லாஜவே படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டுத் தபாலில் அனுப்பியது கம்பெனி. இன்று அந்தச் செட்டை முடிக்க நினைப்பவர் அந்த ஒரு கார்டுக்குக் கொடுக்கும் விலையில் கார் வாங்கலாம்.

நம் வழியில் லாஜவே ஒரு தொல்லையே இல்லை. 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த டி206 செட்டில் அவருக்கு மூன்று கார்டுகள் உண்டு, அதில் எது கிடைத்தாலும் சரி. அதோடு ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கமும் வேறு காலம், வேறு அளவு, வேறு அச்சு. எனக்குப் பிடித்தது அந்தக் கலவைதான்.

எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

1960-களிலிருந்தும் 70-களிலிருந்தும். பில் மசரோஸ்கி, ஹாய்ட் வில்ஹெல்ம், ரெட் ஷான்டீன்ஸ்ட் போன்றவர்களின் கார்டு, ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தால், ஐந்து பத்து டாலருக்கே கிடைக்கும். கார்டு ஷோக்களில் மேசை மேல் நீளப் பெட்டிகள் இருக்கும். குனிந்து ஒரு மணி நேரம் புரட்டினால் ஒரே நாளில் பதினைந்து பெயரை அடித்துவிடலாம். முதல் வருடத்திலேயே நூறைத் தொட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர்களில் பலரை ஆட்டக்காரர்களாகவே பிடித்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. டாமி லசோர்டா 1954 டாப்ஸில் ஒல்லியான இளம் பிட்சராக, அதாவது பந்து வீசுகிறவராக, இருக்கிறார். ஸ்பார்க்கி ஆண்டர்சன் 1959 டாப்ஸில்.

ரூக்கி கார்டுதான் வாங்கணும்னு சொல்றாங்களே?

விற்கிறவர்கள் சொல்வார்கள். ரூக்கி கார்டு என்றால் ஒருவருக்கு வந்த முதல் கார்டு. விலை அங்கேதான் குவிகிறது. நோலன் ரயனின் ரூக்கி 1968 டாப்ஸ், அதுவும் ஜெரி கூஸ்மனோடு பாதிப் பாதி. டாம் சீவரின் 1967 கார்டும் பில் டெனஹியோடு பங்கு. முகம் தபால்தலை அளவுக்குத்தான் இருக்கும். அடுத்த வருடத்துக் கார்டில் ஆள் முழுசாகத் தனியாக இருப்பார், விலையும் இறங்கியிருக்கும்.

மிக்கி மேன்டில் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. 2022-இல் 1.26 கோடி டாலருக்கு விற்ற அந்த 1952 டாப்ஸ் கார்டு அவருடைய ரூக்கியே இல்லை. ரூக்கி, போமன் என்ற இன்னொரு கம்பெனியின் 1951 கார்டு. 1952-இன் கடைசிப் பகுதி விற்காமல் தேங்கிப்போக, மிச்சத்தை டாப்ஸின் சை பெர்கர் 1960-இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். விலைக்கு அந்தக் கதையும் ஒரு காரணம். நம் பட்டியலுக்கு 1960-களின் ஏதாவது ஒரு மேன்டில் போதும்.

பேப் ரூத் கார்டு வாங்க வீட்டை வித்துடணுமே?

1933 கௌடி வேண்டுமென்றால், கிட்டத்தட்ட ஆமாம். அதில் அவருக்கு நான்கு கார்டுகள் உண்டு. எவ்வளவு கிழிந்ததும் ஆயிரங்களில்தான். 1920-களில் வரிசையாக அச்சிட்டுக் கத்தரித்துக் கொடுத்த ஸ்டிரிப் கார்டுகள் அதைவிடக் கொஞ்சம் இறங்கிவரும். படம் பார்க்கச் சகிக்காது, எந்த வீரரும் தன் சொந்த ஜாடையில் இருக்க மாட்டார். ஆனால் அவர் ஆடிய காலத்துக் கார்டு.

"ஆடிய காலம்" என்ற விதியைத் தளர்த்த மனமிருந்தால், 1962 டாப்ஸில் ரூத்தின் வாழ்க்கையைச் சொல்லும் பத்துக் கார்டுகள் உண்டு. ஒன்று ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைதான். 1961 டாப்ஸில் லூ கெரிக் தொடர்ந்து 2,130 ஆட்டங்களுக்குப் பிறகு ஓரமாக உட்கார்ந்ததைச் சொல்லும் கார்டு உண்டு. 1973 டாப்ஸின் சாதனை வரிசையில் டை காப், வால்டர் ஜான்சன், சை யங் மூவரும் இருக்கிறார்கள். இவற்றை முதலில் வாங்கிப் பக்கத்தை நிரப்பிவிட்டு, காசு சேரச் சேர மேலே போவதில் தப்பில்லை. என் ரூத் ஆறு வருடம் 1962-ஆகத்தான் இருந்தார்.

அந்தக் கோடிக்கணக்கான வாக்னர் கார்டு இல்லாம இது முடியவே முடியாதே?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் நினைப்பது டி206 ஹோனஸ் வாக்னரை. புகையிலைக் கம்பெனி தன் படத்தைப் போட அவர் சம்மதிக்கவில்லை. அச்சு சீக்கிரமே நின்றது. பிள்ளைகள் கார்டுக்காகச் சிகரெட் வாங்குவார்களே என்று மறுத்தார் என்பது ஒரு கதை, காசு பேசிப் படியவில்லை என்பது இன்னொரு கதை. அவரே புகையிலை போடுகிறவர் என்பதால் இரண்டாவதுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மிஞ்சியது சில டஜன் கார்டுகள். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆனால் நமக்கு வேண்டியது "ஒரு வாக்னர்", "அந்த வாக்னர்" அல்ல. ஆட்டத்தை விட்டபிறகு அவர் பிட்ஸ்பர்க் அணியில் பல வருடம் கோச்சாக இருந்தார். அதனால் 1940 ப்ளே பால் செட்டிலும் 1948 லீஃப் செட்டிலும் அவருக்குக் கார்டு உண்டு. லீஃப் கார்டில் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு நிற்கும் தாத்தாவைப் பார்த்தால் முதல் கதையை நம்பத் தோன்றாது. சில நூறு டாலர். என்னிடம் இருப்பது அதுதான். 2025-இல் பில்லி வாக்னர் என்ற பிட்சரும் உள்ளே வந்துவிட்டார்; அந்த வாக்னரை ஒரு காபி விலைக்கு வாங்கலாம்.

மடங்கினது, கிழிஞ்சதை எல்லாம் ஏன் வாங்குறீங்க?

அது மட்டும்தான் கட்டுப்படியாகும். கிரேடிங் கம்பெனிகள் கார்டை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும். ஒரே கார்டு 2-இல் இருப்பதற்கும் 8-இல் இருப்பதற்கும் விலை ஐம்பது மடங்கு வேறுபடலாம். முகம் ஒன்றுதான். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: முகத்தின் குறுக்கே மடிப்பு ஓடக் கூடாது, யாரும் ஓரத்தை வெட்டியிருக்கக் கூடாது. பின்பக்கம் பசையோடு பிய்ந்திருந்தால் எனக்குக் கவலையில்லை. எந்தப் பையனோ அதை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தான் என்று அர்த்தம்.

மதிப்பெண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் கம்பெனி முதல் எண் கொடுத்து 8 போட்டது ஒரு டி206 வாக்னருக்குத்தான். அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சரிசெய்ததாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார்.

போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு புற ஊதா விளக்கும் வாங்குங்கள், இரண்டும் சேர்ந்தே இருபது டாலர்தான். டி206-இல் பெயர் எழுத்துகள் கெட்டியான மையில் அச்சானவை. மறு அச்சில் எழுத்தும் படமும் சேர்ந்தே நகலெடுக்கப்படுவதால் எழுத்துக்குள்ளும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலானது. ஆகவே 1915 என்று சொல்லும் கார்டு இருட்டில் விளக்கடியில் நீலமாக மின்னினால் அதை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1915 கிராக்கர் ஜாக் செட்டின் வால்டர் ஜான்சன், 140 டாலர். நல்ல பழுப்பு நிறம், மூலைகள் உருண்டை. வீட்டுக்கு வந்து முகர்ந்தால் டீ வாசனை. மறு அச்சை டீயில் ஊறவைத்துக் காயவைத்திருக்கிறார்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, இஞ்சி போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். இப்போது ஆயிரக்கணக்கில் விற்க வேண்டிய கார்டை யாராவது நூறுக்குக் கொடுத்தால், முதலில் என் மேலேயே சந்தேகப்படுகிறேன்.

அம்பயர், முதலாளிக்கெல்லாமா கார்டு போட்டாங்க?

சிலருக்கு. 1955 போமன் செட்டில், இதுவரை எனக்குப் புரியாத காரணத்தால், அம்பயர்களுக்கும் கார்டு போட்டார்கள். ஆல் பார்லிக், ஜாக்கோ கான்லன், கால் ஹப்பர்ட் மூவரும் அதில் கிடைக்கிறார்கள். ஹப்பர்ட் அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமிலும் இருப்பவர். இரண்டிலும் இருக்கும் ஒரே மனிதர். லீக் தலைவர்கள் வில் ஹாரிட்ஜும் வாரன் ஜைல்ஸும் 1956 டாப்ஸின் முதல் இரண்டு கார்டுகள். அன்று அந்தக் கார்டுகள் கிடைத்த பையன்கள் எவ்வளவு நொந்திருப்பார்கள்!

அணி முதலாளி எஃபா மேன்லி, 2006-இல் தேர்வானவர், அங்கே இருக்கும் ஒரே பெண். அவருக்கு அவர் காலத்துக் கார்டு கிடையாது. பேஸ்பாலின் ஆரம்பகால முன்னோடி அலெக்சாண்டர் கார்ட்ரைட்டுக்கும் கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்குக் கூப்பர்ஸ்டவுனில் விற்கும் வெண்கலப் பலகைப் படத் தபாலட்டையை வைக்கிறேன்.

1880-கள்ல ஆடினவங்களுக்கு என்ன கிடைக்கும்?

இரண்டு செட்டுகளை நினைவில் வையுங்கள். 1887-இல் வந்த ஆலன் அண்ட் கின்டர், ஐம்பது கார்டுகள். குத்துச்சண்டைக்காரர், படகோட்டி, குறிபார்த்துச் சுடுகிறவர் எல்லாரோடும் பத்துப் பேஸ்பால்காரர்கள். அந்தப் பத்தில் ஆறு பேர், கேப் ஆன்சன், கிங் கெல்லி, டிம் கீஃப், ஜான் கிளார்க்சன், ஜான் வார்ட், சார்லஸ் காமிஸ்கி, இன்று ஹால் ஆஃப் ஃபேமில். அழகு என்றால் அது அழகு. இன்னொன்று ஓல்ட் ஜட்ஜ், 1886 முதல் 1890 வரை. இவை பழுப்பு நிறத்தில் கழுவிய நிஜப் புகைப்படங்கள். நூலில் தொங்கவிட்ட பந்தைப் பிடிப்பதுபோல ஸ்டூடியோவில் விறைப்பாக நிற்பார்கள். இரண்டிலுமே ஆயிரம் டாலரைத் தாண்டத் தயாராக இருங்கள்.

1890-களிலும் 1900-களின் தொடக்கத்திலும் கொடிகட்டிப் பறந்தவர்கள் சிலரை டி206-இல் சின்ன லீக் அணிகளின் சட்டையில் பார்க்கலாம். ஜிம்மி காலின்ஸ் மினியாபோலிசில், ஜோ கெல்லி டொரன்டோவில், ஜோ மெக்கினிட்டி நியூவார்க்கில். பெரிய லீக்கை விட்டபின் ஓடிய ஓட்டம். பெரிய அணிச் சட்டை இல்லை என்று நிராகரிக்காதீர்கள், அடுத்த வாய்ப்புக் கிடைப்பது கஷ்டம்.

ஜாஷ் கிப்சனுக்குக் கார்டே இல்லைன்னு சொல்றாங்களே, அது எப்படி?

வாக்னர் பணப் பிரச்சினை. பணம் இருந்தால் தீரும். கிப்சன் அப்படியல்ல. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கறுப்பினத்தவரைப் பெரிய லீக்குகள் சேர்க்கவில்லை. அவர்கள் நீக்ரோ லீக் எனப்பட்ட தனி லீக்குகளில் ஆடினார்கள், அவர்களுக்குக் கார்டு போடச் சிகரெட் கம்பெனியோ பபுள்கம் கம்பெனியோ முன்வரவில்லை. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். நீக்ரோ லீக் கணக்குகள் 2024-இல் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டபோது அவருடைய .372 பேட்டிங் சராசரி டை காப்பின் .367-ஐத் தாண்டி முதலிடத்துக்குப் போனது. காப்புக்கு டி206-இல் மட்டும் நான்கு கார்டுகள். கிப்சனுக்கு அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை.

வழி கரீபியன் வழியாகத்தான். குளிர்காலத்தில் இவர்கள் கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் வெள்ளையரோடு சேர்ந்தே ஆடினார்கள், அங்கே கார்டும் வந்தது. ஆஸ்கர் சார்ல்ஸ்டன் 1923-24 கியூபா பில்லிக்கன் சிகரெட் கார்டில் இருக்கிறார். புவேர்ட்டோ ரிக்கோவின் 1950-51 டொலெட்டெரோஸ் செட்டில், இறந்து மூன்று வருடம் கழித்து, கிப்சன் வருகிறார். இரண்டும் அரிது, ஏலத்தில் மட்டும்தான் எட்டிப்பார்க்கும்.

சாட்செல் பெய்ஜ் தப்பித்தார். 42 வயதில், 1948-இல், கிளீவ்லாண்டுக்கு ஆட வந்ததால் 1949 போமனும் 1953 டாப்ஸும் அவருக்கு உண்டு. டாப்ஸ் அவர் பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சிட்டது வேறு விஷயம். மான்டி இர்வினும் லேரி டோபியும் அப்படித்தான் கிடைக்கிறார்கள். கூல் பாப்பா பெல், பக் லெனர்ட் போன்றவர்களுக்கு 1974-இல் லாஃப்லின் என்ற ஓவியர் வெளியிட்ட 36 கார்டுச் செட் இருக்கிறது. ஆடிய காலத்தது இல்லைதான். இந்த இடத்திலும் என் விதியை நானே மீறுகிறேன். கார்டு இல்லாதது அவர்கள் குற்றமல்ல.

பீட் ரோஸ், ஷூலெஸ் ஜோ ஜாக்சனை எல்லாம் வாங்கி வைக்கலாமா?

இருவரும் சூதாட்ட விவகாரத்தில் பேஸ்பாலிலிருந்து தடை செய்யப்பட்டவர்கள், அதனால் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. 2025 மே மாதம், இறந்தவர்களுக்கு வாழ்நாள் தடை செல்லாது என்று பேஸ்பால் கமிஷனர் அறிவித்தார். இருவர் பெயரும் இனி குழுவின் பரிசீலனைக்கு வரலாம். 2027 டிசம்பருக்கு முன் இல்லை. விலை அறிவிப்பு வந்த அன்றே ஏறிவிட்டது, எனவே முந்திக்கொள்ளலாம் என்ற கணக்கு இனி எடுபடாது. நான் ரோஸின் 1970-களின் கார்டு ஒன்றை எட்டு டாலருக்கு எப்போதோ வாங்கியது பெட்டியில் கிடக்கிறது. ஆல்பத்தில் இல்லை.

சரி, உங்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி? எப்போ முடியும்?

இன்றைக்கு 288 பேர் என் ஆல்பங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரியும் வாக்கெண்ணிக்கை முடிந்ததும் பாக்கி கூடுகிறது, அதனால் "எப்போ" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. புதியவர்களை மறுநாளே வாங்கிவிடலாம், அது வேலையே அல்ல.

காலி இடங்களில் அங்கே வரவேண்டியவரின் பெயரை எழுதி ஒரு துண்டுச் சீட்டைச் செருகி வைப்பது என் பழக்கம். இரண்டாவது ஆல்பத்தில் "கிப்சன்" என்ற சீட்டு பத்து வருடமாக இருந்து மஞ்சளாகிவிட்டது. போன மாதம் மகன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுவே பழசாயிடுச்சு" என்றான். திரும்ப அதே இடத்தில் செருகிவிட்டான்.